கயிற்றுக்கு வெளியே

மகள் எட்டு வயதிலேயே பெரியவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய கோல்ஃப் பையைச் சுமந்தது அம்மாதான். பயிற்சித் திடலில் சிதறிக் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கிக் கழுவுவது அம்மாவின் வேலை. அங்கே கிடந்த மட்டையை எடுத்து விளையாட்டாக வீசிய பிள்ளைதான் இன்று தெருவுக்குத் தெரு போஸ்டரில் சிரிக்கிறாள். மட்டை துடைக்கும் துண்டு எப்போதும் அம்மாவின் தோளில் கிடக்கும். காற்று பந்தை வலப்பக்கம் தள்ளுமென்றால் வலத்தோள், இடப்பக்கமென்றால் இடத்தோள். மகள் ஒரு பார்வை பார்ப்பாள், அடிப்பாள். வாயே திறக்க வேண்டாம்.

மகள் பெரிய ஆட்டக்காரி ஆனதும் பை தூக்கச் சம்பளத்துக்கு ஆள் வந்துவிட்டார். நல்ல மனிதர், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அம்மாவுக்கு, திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு இடம். பை தூக்குபவரைத் தவிர வேறு யாரிடமாவது ஆட்டக்காரி யோசனை கேட்டால் இரண்டு அடி அபராதம்; அடிக்காமலே கணக்கில் ஏறிவிடும், குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. சட்டம் அப்படி.

ஆனால் பாழும் மனசு கேட்கிறதா? ஒரே ஒரு தடவை இந்தப் பெண் திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று ஒவ்வொரு போட்டியிலும் அதே துண்டோடு கால் கடுக்க நடந்தாள். மகளுக்குப் பந்தும் குழியில் நட்ட கொடியும்தான் கண்ணில் பட்டன.

அன்று இறுதிப் போட்டி, கடைசிக் குழி. மகள் ஒரே ஒரு அடிதான் முன்னிலை. மட்டையை ஓங்கப் போனவள் சட்டென்று நிறுத்திவிட்டு, நேராக அம்மாவைப் பார்த்தாள்.

ஐயோ, எத்தனை நாள் ஏக்கம்! அம்மாவின் கை தானாகத் துண்டுக்குப் போனது. மறுகணம் சட்டம் நினைவுக்கு வந்தது. யாராவது பார்த்துத் தொலைத்தால்? துண்டைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள்.

பின்னால் அடி விழுந்த சத்தம். கொஞ்ச நேரத்தில் கூட்டம் ஓவென்று கத்தியது. மகள் ஜெயித்துவிட்டாள்.

கோப்பை வாங்கக் கூப்பிடுவதற்குள் அவள் கயிற்றருகே ஓடி வந்தாள்.

"ஏம்மா திரும்பி நின்னுட்ட?"

"நீ காத்து கேட்டியேடி! சொன்னா ரெண்டு அடி ஏறிடாதா?"

"காத்த யாரு கேட்டா? அதுக்குத்தான் பை தூக்குறவரு இருக்காரே. கை நடுங்குச்சும்மா. நீ நிக்கிறியான்னுதான் பாத்தேன்."

அதற்குள் நாலு பேர் வந்து அவளை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும் வழியெல்லாம் மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா இந்தத் தடவை அசையாமல் அவளையே பார்த்து நின்றாள். பாழாய்ப்போன கண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் பிள்ளையின் முகம்தான் தெரியவில்லை.