ஒரு படி தவிடு

எனக்குக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் குழந்தை நலச் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? என் வேலையே கேள்வி கேட்பதுதான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய் வாசலில் நின்று, அச்சடித்த தாளில் உள்ள இருபத்திரண்டு கேள்விகளையும் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் எழுத வேண்டும். வீட்டில் எத்தனை பேர், சன்னல் உண்டா, கொசுவலை உண்டா, தாய்க்குப் பால் சுரக்கிறதா. கல்யாணமே ஆகாத முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். பிரிக்பீல்ட்ஸ் கூரைகளைப் பற்றி என்னளவு தெரிந்தவர் சிலாங்கூரிலேயே கிடையாது.

இதற்கு முன் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பகலில் தூங்குகிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பது என் சுபாவம். அதைத் தூக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் நுட்பம் அந்தத் துரைக்கு இல்லை.

புது வேலைக்கு அந்தச் சுபாவம் பொருந்திவிட்டது. காலை ஏழு மணிக்கு லைன் வீடுகளுக்குள் நுழைந்தால், என்ஜின்கள் விடும் நீராவியும் ஆற்றுப்பக்கத்துப் பனியும் சேர்ந்து வீடுகளைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி வைத்திருக்கும். சேலைகள் கொடியில் அல்ல, ஆகாயத்தில் காயும். எங்கோ ஒரு குழந்தை அழும். எந்த வீடென்று தெரியாது. வெள்ளைப் புகைக்குள் அழுகை மட்டும் நடந்து வரும். நான் அதன் பின்னால் தாளும் பென்சிலுமாக நடப்பேன்.

அப்படி நடந்து போய்ச் சேர்ந்ததுதான் வள்ளியம்மாவின் வீடு. புருஷன் நாகையா தண்டவாளத்தில் கல் அடிக்கிறவன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து எட்டு மாதப் பெண்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தேன்.

"புள்ள பேரு?"

"தவிட்டாயிங்க, கிராணியய்யா."

"தாயார் பேரு?"

கூரையில் ஒரு பல்லி மட்டும் சத்தம் போட்டது.

"நீதானம்மா தாயாரு? ஒம் பேரச் சொல்லு."

"நான் இல்லீங்க. நான் இத வித்துப்புட்டேன்."

"யாருக்கு?"

"அத நான் சொல்றதுக்கில்லே. அவுக சொல்லணும்."

"என்ன வெலைக்கு?"

"ஒரு படி தவிடுங்க. பால்காரரு மாட்டுக்குப் போடுற தவிடு."

எனக்கு இது புதிது அல்ல. வரிசையாகப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், அடுத்ததைப் பிறந்த அன்றே முறத்தில் போட்டு வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவள், "என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு" என்று திருப்பிக் கொடுப்பாள். அதற்குப் பிறகு பெற்றவள் அதைத் தன் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. எமன் தேடி வந்தால், இந்த வீட்டில் இவளுக்குப் பிள்ளையே இல்லை என்று வெறுங்கையோடு திரும்பிவிடுவான் என்பது கணக்கு. எங்கள் வீட்டிலேயே அண்ணனை விற்றிருக்கிறார்கள். என்னையும் முறத்தில் போட்டார்களாம். வாங்க ஆள் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? இதை விளக்கி ஒரு பக்கம். ஆனால் முந்தின வாரம்தான் என் அறிக்கை ஒன்று சிவப்பு மையோடு திரும்பி வந்திருந்தது. ஒரு வீட்டில் ஆடும் குழந்தையும் ஒரே பாயில் தூங்குவதை நான்கு பக்கம் வருணித்திருந்தேன். மெய்மறந்து எழுதியது. ஓரத்தில் சங்கத்துச் செயலாளரான வெள்ளைக்காரத் துரைசாணி, "திரு. சபாபதி, கதை வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதவும்" என்று குறித்திருந்தார். எனக்கு ரோஷம். ஆகவே வள்ளியம்மாவின் தாளில், என் கையெழுத்திலேயே மிக அழகான கையெழுத்தில், சுத்தமான இங்கிலீஷில் எழுதினேன்: "தாய் குழந்தையை விற்றுவிட்டாள். விலை: ஒரு படி தவிடு. வாங்கியவர் பெயரைச் சொல்ல மறுக்கிறாள்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று மத்தியானம் நிம்மதியாகக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை, குழந்தைகளை நிறுக்கும் நாள். சங்கத்தின் மாடி அறையில் தராசுத் தொட்டில் ஒன்று தொங்கும். அதில் ஒவ்வொன்றாகக் கிடத்துவார்கள். குழந்தைகள் அழுகையை மறந்து, ஓடத்தில் போகிறவர்களைப்போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு ஆடும். நானும் அவர்களோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவது வழக்கம். அன்று பாதி வழியில் என் காதைப் பிடித்து இழுக்காத குறையாக மார்க்கிரட் மிஸ்ஸி வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், சங்கத்து நர்ஸ், பிரசவமும் பார்ப்பவர்.

"சபாபதி, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"உண்மையத்தான் எழுதினேன் மிஸ்ஸி."

"உண்மைதான் ஐசே. அதுதான் வினை. சின்னப் பெட்டைப் பிள்ளையளை வித்து வாங்கிறதைப் பிடிக்கச் சொல்லிச் சர்க்கார் கடதாசி மேல கடதாசி அனுப்புது. நீர் பிடிச்சுக் குடுத்திட்டீர். வெள்ளிக்கிழமை விசாரணை. பிள்ளையைக் கிள்ளான் அநாதை விடுதிக்குக் கொண்டு போகினமாம். உமக்குப் பதவி உயர்வு கிடைக்கும், சந்தோசமாய் இரும்!"

"வாங்கினவங்க வந்து விளக்கிச் சொன்னா..."

"வாங்கினது நான்தான்."

தொட்டிலில் இருந்த குழந்தை தும்மியது.

"என்னைப் பாக்காதையும். பிரசவம் பாத்த கையோட முறத்தை நீட்டினா. மூண்டு பிள்ளை சாகக் குடுத்த மனுசி. அவவுக்கு நான் வேத வசனம் சொல்லவோ, தவிட்டைக் குடுக்கவோ? தவிட்டைக் குடுத்தன். இப்ப அதுக்கு வேலை போனாலும் போகட்டும்."

நான் துரைசாணியிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்து வழக்கத்தை விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"திரு. சபாபதி, செவ்வாய்க்கிழமை ஒன்று எழுதினீர்கள், புதன்கிழமை ஒன்று சொல்கிறீர்கள். நான் எதை நம்புவது? மிகச் சுலபமான வழி இருக்கிறது. அந்தப் பெண் என் முன்னால் வந்து 'இது என் குழந்தை' என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும். தாளைக் கிழித்துவிடுகிறேன்."

இவ்வளவுதானா! நான் லைன் வீட்டுக்குப் போன வேகத்துக்கு ரயில்கூட ஒதுங்கியிருக்கும். வள்ளியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை அவள் தாலிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"மாட்டேங்க" என்றாள்.

"ஒரே வார்த்தைதாம்மா."

"மூணு பேர எம்புள்ளன்னு சொன்னேன் கிராணியய்யா. ஊரெல்லாம் சொன்னேன், கோயில்ல சொன்னேன். மூணும் போயிருச்சு. இவளுக்கு மட்டும்தான் சொல்லல. இவ மட்டும்தான் இருக்கா."

"சொல்லலேன்னா கிள்ளானுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"கிள்ளான்ல உசுரோட இருப்பால்ல?"

வேலை முடிந்து வந்து வாசலில் நின்ற நாகையாவைப் பார்த்தேன். அவன் குனிந்து கால் விரலிலிருந்து ஜல்லித் தூளைத் தட்டினான். "நானும்தான் மொறத்துல கை வெச்சேன், சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. மாடி அறைச் சன்னல்களில் தெரு கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வள்ளியம்மாவும் நாகையாவும் சுவரோரம் நின்றார்கள். குழந்தை மார்க்கிரட் மிஸ்ஸியின் மடியில், தன்னைப் பற்றி நடக்கும் எதிலும் அக்கறையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் துரைசாணி. மொழிபெயர்க்க நான்.

மொழிபெயர்ப்பவன் நான்! இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் 'இல்லை' என்றால், நான் 'ஆமாம்' என்று சொன்னால் போயிற்று. வள்ளியம்மாவின் வாயும் சுத்தமாக இருக்கும், பிள்ளையும் வீட்டுக்குப் போகும். பாவம் என்னைச் சேரட்டும், அது போய்த் தாக்க எனக்குத்தான் பிள்ளை குட்டி கிடையாதே. இத்தனை நாள் என் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்த பிரமச்சரியத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது போலத் தோன்றி, எனக்குக் கண்கூடக் கலங்கியது.

"இது உன் குழந்தைதானா?" என்று துரைசாணி இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

வள்ளியம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள்.

"இல்லே" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம், திரு. சபாபதி" என்றார் துரைசாணி. "அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். என் சமையற்காரன் தினமும் சொல்வது அதைத்தான்."

என் தியாகம் அப்படியே தொண்டையில் நின்றது. துரைசாணி பேனாவை மையில் தோய்த்தார். கிள்ளான் விடுதிக்கான தாள் மேலேயே இருந்தது.

அப்போது குழந்தை விழித்தது. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தது. உலகத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீறிட்டு அழுதது. மிஸ்ஸி ஆட்டினார், தட்டினார், வேதப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அழுகை கூடியது. சுவரோரம் வள்ளியம்மா இரண்டு கையாலும் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசையவில்லை. ஆனால் அவளுடைய ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே வந்தது.

நான் கூரையைப் பார்த்தேன். அந்த அறையில் அது வெள்ளை அடித்த கூரை, பார்க்க ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும் அதன் மேல் வெகுதூரம் நடந்துகொண்டிருந்தது. பேனா எழுதும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை.

நான் கண்ணை இறக்கியபோது துரைசாணி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸ்" என்றார். "இந்தக் குழந்தையை வாங்கியவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ்ஸி எழுந்து நின்றார். "நான்தான், மேடம்."

"அப்படியா." துரைசாணியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆக, இது உங்கள் குழந்தை. ஆனால் நர்சுகள் விடுதியில் குழந்தை வைத்துக்கொள்ள அனுமதி இல்லையே."

"இல்லை, மேடம்."

"அப்படியானால் சங்கம் ஒரு வளர்ப்புத் தாயைத் தேட வேண்டியிருக்கும். அருகிலேயே இருப்பவராக. பால் உள்ளவராக இருந்தால் மிகவும் நல்லது." கிள்ளான் தாளை ஓரமாக வைத்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "திரு. சபாபதி, நீங்கள் வீடு வீடாகப் போகிறவர். அப்படி யாரையாவது தெரியுமா?"

நான் கதை எழுதுவதில் கெட்டிக்காரன்; பேச்சு மட்டும் சமயத்தில் வராது. கையை நீட்டிச் சுவரோரம் காட்டினேன்.

மிஸ்ஸி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வள்ளியம்மாவின் கையில் வைத்தார். "என்ரை பிள்ளையை நீ வளத்துத் தா" என்றார். முறத்தின் முன்னாலும் இதையேதான் சொல்லியிருப்பார். சர்க்கார் அச்சடித்த தாளும் தவிட்டு முறமும் ஒரே விஷயத்தைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தன என்பது, இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு அதுவரை எட்டவில்லை.

வள்ளியம்மா பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். துரைசாணி கையெழுத்திட்டு, சங்கத்து முத்திரையைக் குத்தி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார். மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றார். "கதையாகவே எழுதுங்கள்" என்றும் சொன்னார். அது தண்டனையா சலுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கீழே இறங்கும்போது மழை தூறலாகியிருந்தது. தெருவில் புகையும் ஈரமும் கலந்து, மாட்டு வண்டிகள் மாட்டின் கால் இல்லாமலே நகர்ந்துகொண்டிருந்தன. வள்ளியம்மா கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழியின் விளிம்பில் நின்று தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதுல என்னங்க போட்டிருக்கு?"

"புள்ள மிஸ்ஸியோடது. நீ வளக்கிறவ."

"நான் ஆத்தா இல்லேன்னு இருக்கா?"

"இருக்கு."

"நல்லா அழுத்தி எழுதியிருக்கா?"

"முத்திரையே குத்தியிருக்கு."

"கொஞ்சம் ஒரக்கப் படிங்க, கிராணியய்யா. கேக்க வேண்டியவன் கேக்கட்டும்."

நான் இங்குமங்கும் பார்த்தேன். எதிரே வெற்றிலை பாக்குக் கடைக்காரர் ஒருவர்தான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில், மழையைப் பார்த்து, கணீரென்று படித்தேன்.

"அவனுக்கு இங்கிலீசு புரியுமா?" என்று நாகையா கவலையோடு கேட்டான்.

நியாயமான கேள்வி. ஆகவே தமிழிலும் ஒருமுறை படித்தேன். பிறகு, எமன் இந்த ஊர்க்காரனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மலாயிலும் ஒருமுறை. கடைக்காரர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு, யாருக்கோ பைத்தியம் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, மறுபடி மடிக்கத் தொடங்கினார். மூன்று மொழியிலும் அவள் தாய் இல்லை என்பது தூறலுக்குள் போய்க் கரைந்தது.

வள்ளியம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தூங்கிப்போன குழந்தையின் தலையை முந்தானையால் மூடி, அடுத்தவர் வீட்டுப் பொருளைத் தூக்கிப் போகிறவளைப்போல, ஈரத் தெருவில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள்.