தகட்டை விட மெல்லிய பாலம்

எங்கள் மோட்டாரில் சுழலும் பாகமான ரோட்டரில் காந்தமும் கிடையாது, கம்பிச் சுற்றும் கிடையாது. வளைவு வளைவாகத் துளை வெட்டிய இரும்புத் தகடுகளை அடுக்கினால் ரோட்டர். துளைகளின் ஓரத்தில் மெல்லிய பாலங்கள் விட்டிருப்போம். தகடு பிய்ந்து போகாமல் பிடித்திருப்பவை அவைதான். காந்தப் புலம் கசிந்து வீணாவதும் அவை வழியாகத்தான். பாலம் மெலிந்தால் மின்சாரம் மிச்சம். அளவுக்கு மீறி மெலிந்தால் வேகத்தில் கிழியும்.

வடிவமைப்பது என் அக்கா. ஓட்டிச் சோதிப்பது நான். வீட்டில் பாதியில் விட்ட சண்டையைத் தொழிற்சாலையில் முடிப்போம்.

இந்த மோட்டார் போகவேண்டியது ஒரு சுரங்கத்துக்கு, கீழே காற்று அனுப்பும் விசிறிக்கு. ஓயாமல் ஓடுவதால் அவர்கள் கேட்ட செயல்திறன் கறாரானது. அது மயிரிழையில் தவறிக்கொண்டே இருந்தது. மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘புள்ளி’. தசமப் புள்ளிக்குப் பின்னால் என்ன என்பதைத் தவிர அந்த மனிதர் வாயில் வேறு பேச்சு வராது. அவர் நச்சரிப்பு தாங்காமல் அக்கா பாலத்தைக் குறைத்தாள், தகட்டின் தடிமனுக்கும் கீழே.

"தகட்ட விட மெல்லிசாவா? அச்சுல குத்தும்போது பாலத்த இழுத்துடுமே. உனக்குத் தெரியாததா?"

"மாதிரிக்கு லேசர்ல வெட்டினது தாங்குச்சில்ல? நீதானே ஓட்டிப் பாத்த."

தாங்கியது உண்மைதான். ஆனால் சுரங்கத்துக்குப் போவதெல்லாம் அச்சில் குத்தியவை. செயல்திறன் தேறிய அன்று புள்ளி எல்லாரையும் கூட்டிக் கைதட்ட வைத்தார். அக்கா அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அச்சில் குத்திய முதல் ரோட்டர் வந்ததும் அதிவேகச் சோதனை வேண்டும் என்றேன்.

"ஒரே டிசைன்தானேம்மா, எதுக்கு ரெண்டு தடவ?" என்றார் புள்ளி.

அக்கா தரையைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனைக் கூண்டுக்குள் ரோட்டரை ஏற்றினேன். பழைய கூண்டு, கதவு திறந்திருந்தாலும் ஓடும். மூடாமல் உள்ளேயே நின்றுகொண்டேன்.

"கணக்கு சரின்னா சுவிட்சப் போடுக்கா."

அக்காவின் கை சுவிட்சுக்குப் போயேவிட்டது. பிறகு அங்கேயே நின்றது.

"வெளிய வா குட்டி."

"ஏன், தாங்கும்னியே?"

"விளையாடாத. வெளிய வாடி!"

"சுரங்கத்துல இருக்கறவங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?"

"என்ன நாடகம் இது?" என்று புள்ளி கத்தினார்.

அக்கா கையை எடுத்துவிட்டாள். "பாலத்தப் பழையபடி தடிமனாக்கணும் சார். எஃபிஷியன்சி தேறாது."

"ஆர்டர் போயிடும். இந்த டிசைனே போயிடும்."

"போகட்டும் சார்."

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அன்று வீட்டில் அவள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். சமாதானம் பேசப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்ல காரியம் பண்ணினக்கா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூண்டுக்குள்ள வேற யாராவது நின்னிருந்தா சுவிட்சப் போட்டிருப்பேன்டி."