சிவப்பு மூடி டப்பா

என் கணவன் ஓரின் மார்ச் மாதம் நிலவறையில், வெற்றுக் கூடுகளில் மருந்தடைத்துத் தோட்டா செய்யும் மேசையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். மாரடைப்பு. முப்பத்தோரு வருஷத்தில் அந்த மேசையை நான் தொட்டதில்லை. தூசி தட்டப் போனாலும் கையை வைக்காதே என்று கத்துவான். அப்படிப்பட்ட நான், அக்டோபரில் அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து தோட்டா போடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எல்லாம் என் மகள் மாரிட்டால் வந்தது. எல்க் மான் வேட்டை சீசன் சனிக்கிழமை தொடங்குகிறது. அப்பாவின் ரைஃபிள் இப்போது அவளுடையது. அதுவோ பிடிவாதம் பிடித்த கழுதை. கடைத் தோட்டா போட்டால் குறி ஒரு முழம் தள்ளிப் போகும். ஓரின் அடைத்த தோட்டாதான் வேண்டும், அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவனுடைய நோட்டைப் பார்த்து இருபது போட்டுக் கொடு என்று கேட்டாள். அப்பா இல்லாமல் அவள் போகும் முதல் வேட்டை. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

நோட்டில் எல்லாம் இருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, எந்திரத்தில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் ஒன்றை அழுத்தி, வெடிமருந்தை எடை பார்த்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்த வேண்டும். இரண்டு விதிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. மருந்து போடாத கூடு எப்போதும் வாய் கீழே இருக்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் நிற்க வேண்டும். மருந்தை அளந்து கொட்டும் குடுவைக்குள் எது இருக்கிறதோ, அதன் டப்பா.

குடுவையில் அவன் கடைசியாகக் கொட்டிய மருந்து முக்கால்வாசி அப்படியே இருந்தது. பக்கத்தில் நீல மூடி போட்ட டப்பா. ரைஃபிளுக்கு நோட்டில் எழுதியிருந்ததும் அந்த மருந்துதான். நாள்கணக்கில் குடுவையில் கிடந்த மருந்தைத் தூக்கிப் போடு என்று அவன் வைத்திருந்த கையேட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். மனம் வரவில்லை. அது அவன் கையால் கொட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை கீழே போனால், அலமாரியில் இருந்த சிவப்பு மூடி டப்பா மேசைக்கு வந்திருந்தது. அது கைத்துப்பாக்கி மருந்து, சுரீரென்று பற்றக்கூடியது. குடுவையை ஒட்டி, பெயர் என் பக்கம் தெரிய நின்றது. நீல டப்பா தரையில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுச் சாவி இன்னொன்று ஓரினின் தம்பி வென்டெலிடம் இருக்கிறது. போனைப் போட்டு, உனக்கு வேறு வேலையே இல்லையா என்று பிடிபிடியென்று பிடித்தேன். இந்தப் பக்கமே வரவில்லை என்று சத்தியம் செய்தான். நான் பொய் சொல்கிறவனா என்று வேறு கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புதன்கிழமையும் அதே கதை. கூடவே இன்னொன்று. நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தேன். அது மறுபடி ஓரினின் உயரத்துக்கு ஏறியிருந்தது. சிவப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் பையில் இருந்தது. சிவப்பு டப்பா குடுவை பக்கத்தில் இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். வெற்று நாற்காலியைப் பார்த்து, "செத்த பிறகும் என்னைக் கை வைக்க விடமாட்டியா?" என்று கேட்டேன். வீம்புக்கென்றே உட்கார்ந்து இருபதையும் அன்றே போட்டு முடித்தேன். பெட்டியில் அடுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கீழே டொக், டொக் என்று தட்டும் சத்தம். வெந்நீர்க் குழாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மாரிட் பெட்டியை வாங்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். பொழுது சாய்வதற்குள் கூடாரம் அடித்து, காகிதத்தில் மூன்று குண்டு சுட்டுக் குறி பார்ப்பாள். வருஷாவருஷம் அப்பாவும் மகளும் அப்படித்தான்.

அவள் போன சற்று நேரத்தில் வென்டெல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். வா, நீ செய்ததை நீயே பார் என்று கீழே இழுத்துப் போனேன். சிவப்பு டப்பாவைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அன்னைக்கும் இதுதான் இங்க நின்னுச்சு," என்றான்.

"என்னைக்கு?"

"ஓரின் போன அன்னைக்கு. ஊர் சனமெல்லாம் வருதேன்னு நான்தான் மேசை மேல கிடந்ததை ஒதுங்க வெச்சேன். இதை உள்ள வெச்சிட்டு, சீசனுக்கு ஆகும்னு நீலத்தை எடுத்து வெளிய வெச்சேன்." பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "நீ குடுவையில இருந்ததையா போட்ட?"

அப்படியானால் குடுவையில் இருந்தது சிவப்பு டப்பா மருந்து. நீல மருந்தின் எடைக்குச் சிவப்பு மருந்தைப் போட்டிருக்கிறேன். ரைஃபிள் தாங்காது. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு, சுடுகிறவளின் முகத்தில்தான் வெடிக்கும். நான்கு நாளாக அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னான். நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மலையில் போன் எடுக்காது. ஒன்றரை மணி நேரப் பாதை. வென்டெல் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு, சுடும் சத்தம் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று முனகிக்கொண்டே வந்தேன்.

வெளிச்சம் மங்கும்போது போய்ச் சேர்ந்தோம். மாரிட் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ரைஃபிள் மடியில் கிடந்தது. எதிரே மரத்தில் குத்தியிருந்த காகிதத்தில் ஓட்டை இல்லை.

"நல்ல நேரத்துல வந்த. என்னம்மா விளையாட்டு இது?" என்று பெட்டியை நீட்டினாள்.

இருபது கூடுகளும் வாய் கீழே நின்றன. கழற்றிய குண்டுகள் மூடிக்குள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு துளி மருந்து இல்லை. குண்டைத் தட்டித்தான் கழற்ற வேண்டும்; வியாழக்கிழமை சாயங்காலம் கேட்ட டொக், டொக் இதுதான்.

"டேப்பு?" என்றேன்.

"ஒட்டினபடியேதான் இருந்துச்சு. இப்பத்தான் நான் கிழிச்சேன். எதுக்கு அழற நீ?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தேன். வென்டெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நின்றான்.

மறுநாள் காலை கீழே போனேன். குடுவை காலியாக, துடைத்து வைத்தபடி இருந்தது. சிவப்பு டப்பா பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. நாற்காலி என் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், வெற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்களையும் வேண்டுமென்றே வைத்துவிட்டு வருகிறேன். அவன் விதியை மீறினால் அவனுக்குப் பொறுக்காது, வந்து எடுத்து வைப்பான் என்று பார்க்கிறேன். காலையில் இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.