சிவப்பு ரிப்பன் கட்டிய செடி

வீட்டுக்காரர் பத்து வருஷமாக ஒரே நகைச்சுவையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் பொண்டாட்டி ஆபீஸ்ல நாள் முழுக்க கடலை போடுறா." சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அவரே சிரித்துக்கொள்வார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. விதை ஆராய்ச்சி நிலையத்தில் அவள் வேலையே கொண்டைக்கடலைதான்.

வயல்களில் விதைக்கிற கொண்டைக்கடலையெல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். ஒன்றுக்கு வருகிற நோய் அத்தனைக்கும் வரும். மண்ணிலிருந்து வாடல் நோய் ஏறினால் வயல் மொத்தமும் படுத்துவிடும். மலைச்சரிவில் யாரும் சீண்டாமல் கிடக்கும் காட்டுக்கடலைக்கு அதைத் தாங்கும் தெம்பு உண்டு. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் அவள் இத்தனை வருஷம் மாரடித்தாள். பூ விரியும் முன்பே பிரித்து மகரந்தம் வைப்பாள், பிடிக்காது. பிடித்தால் கரு தங்காது. கடைசியில் தேறிய கொஞ்ச விதைகளை நோய் பிடித்த மண்ணிலேயே விதைத்துச் சோதித்தாள். எல்லாம் செத்தன. ஒரே ஒரு செடி மட்டும் காய் பிடித்து நின்றது. யாரும் தொடக்கூடாது என்று மகளின் சிவப்பு ரிப்பனைக் கிழித்து அதில் கட்டினாள்.

அந்த ரிப்பன்தான் குடியைக் கெடுத்தது. நிதி ஒதுக்கும் அதிகாரி பார்வையிட வந்தார். செத்த செடிகளுக்கு நடுவே ரிப்பன் கட்டிய ஒன்றைக் கண்டதும், விருந்தாளிக்குக் காட்டத்தான் அலங்கரித்திருக்கிறார்கள் என்று நிலையத்தின் இயக்குநர் என்கிற மகானுக்குத் தோன்றியது. பச்சைக்கடலை என்றால் தனக்கு உயிர் என்று அதிகாரி சொல்லி வாய் மூடவில்லை, இவர் செடியை வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் ஓடி வந்தபோது காலடியில் தோல்கள் சிதறிக் கிடந்தன. இயக்குநரும் மென்றுகொண்டிருந்தார். அவளுக்கு அந்த வாய்க்குள் கையை விட்டு எடுத்துவிடலாமா என்றிருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். ருசியைப் புகழ்ந்துகொண்டே கடைசிக் காயை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க வளர்த்தது. நீங்க சாப்பிடலைன்னா எப்படிம்மா?"

முற்றாத விதை. ஆனாலும் ஆய்வகம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்தால் பிழைக்க வைத்துவிடலாம். "இது வேணும் சார்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் அவர் எதைத் தின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் முகம் சுருங்கும், நிதி போகும், அவள் பிரிவில் இருக்கிற எல்லாருடைய பிழைப்பும் போகும். இயக்குநர் கண்ணாலேயே அதட்டினார்.

வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கமான நகைச்சுவையை ஆரம்பித்தபோது, முதல்முறையாக அவர்மேல் எரிந்து விழுந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நிதி தாராளமாகவே வந்தது. முதல் வேலையாக இயக்குநர் அந்த வயலைச் சுற்றி ஆளுயரத்துக்கு வேலி போட்டார். ஆடுமாடு புகுந்து மேய்ந்துவிடுமாம்.