மலிவு மண்

அவளுடைய கணவனுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் கொட்டேஷன். பெரிய கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை. குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, மூன்றையும் கட்டம் போட்டு எழுதி, எது குறைச்சலோ அதன் கீழே பச்சை மையால் கோடு இழுப்பான். கம்பெனிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தப் பழக்கம் செருப்போடு வாசலில் நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகளுக்குச் சின்ன வயசில் ஆடிய பல்லைப் பிடுங்க மூன்று பல் டாக்டர்களிடம் விலை விசாரித்தவன் அவன். விசாரித்து முடிப்பதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டது. அதையும் மிச்சத்தில் சேர்த்துக்கொண்டான்.

அப்பேர்ப்பட்டவன் வீடு கட்டி முடித்தபோது எல்லாம் இருந்தது, தோட்டம் மட்டும் இல்லை. வீட்டைச் சுற்றிச் செங்கல் உடைசலும் காய்ந்த சிமெண்டும் துருப்பிடித்த ஆணியுமாகக் கிடந்தது. கடைசியில் கையில் மிஞ்சியதை ஒதுக்கி, இதற்குள் தோட்டம் போட்டுவிட வேண்டும், ஒரு காசு மேலே போகக்கூடாது என்றான். அவளுக்கு அது போதும். வாடகை வீடு வாடகை வீடாக மாறி, பால்கனித் தொட்டிகளைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். கால் வைக்க நாலு முழம் மண் இருந்தாலே பெரிசு.

மண்ணைவிட அவளுக்குப் பெரிசாக அங்கே ஒன்று கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவர்களும் புதிதாகக் குடி வந்தவர்கள்தான். வாசல் அறையிலேயே மெஷின் போட்டுத் தைத்தாள். இடுப்பில் எப்போதும் ஒரு பெண் குழந்தை, இறக்கிவிட்டால் தவழ்ந்து மெஷினுக்கடியில் போய் நூல்கண்டைக் கடிக்கும். வந்த மறுநாளே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, அக்கா என்று கூப்பிட்டு, தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். அன்றிலிருந்து அக்காதான். வேலை விட்டு வந்ததும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பொத்தான் தைக்க, இவள் ஊர்க்கதை பேசுவாள். இத்தனை வருஷம் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் குடியிருந்தவளுக்கு இந்த ஒரு மணி நேரத்துக்காகவே வீட்டுக்கு வரத் தோன்றியது.

தோட்டத்துக்கு முதலில் வந்தவள் அதையே தொழிலாகச் செய்யும் ஒரு பெண். டேப் பிடித்து அளந்தாள், கம்பியால் குத்திப் பார்த்தாள். அடியில் எல்லாம் கட்டட உடைசல், அதை அள்ளிவிட்டு நல்ல மண் கொட்டாமல் எது நட்டாலும் வராது என்றாள். நடைபாதை இங்கே, புல் இங்கே, வேலியோரம் பூச்செடி என்று அழகாக ஒரு படம் வரைந்து, மொத்தத்துக்கும் ஒரு தொகை சொன்னாள். கொட்டேஷன் அவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்துச் சந்தேகம் கேட்டான். வீட்டில் பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்று அந்தப் படத்தை போனில் பிடித்துக்கொண்டான். சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிடு போட்டு அனுப்பிவைத்தான். அவர்கள் வீட்டில் அப்படிப் பெரியவர் யாருமே இல்லை.

அடுத்த நாள் அந்தப் படத்தைத் துண்டு போட்டான். மண்ணுக்கு ஒருத்தன், கல்லுக்கு ஒருத்தன், புல்லுக்கு ஒருத்தன், செடிக்கு ஒருத்தன். ஒவ்வொன்றுக்கும் மூன்று விலை. படம் வரைந்தவள் இரண்டு தடவை போன் பண்ணினாள். அவன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மனைவிக்கே போன் வந்தது. இப்போதைக்குத் தோட்டம் போடுகிற எண்ணம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். நாக்கு கூசியது. அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

மண் வந்தது. மூன்று பேரில் குறைந்த விலை சொன்னவன் மற்றவர்களில் பாதிக்கும் கீழே சொல்லியிருந்தான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மூளை விழித்துக்கொண்டிருக்கும். இவன் பச்சைக் கோட்டை இரண்டு தரம் இழுத்தான். டிப்பர் வந்து பின்பக்கம் சாய்ந்தது. கறுப்பாக, ஈரமாக, வழவழவென்று இறங்கியது அந்தச் சரக்கு. காசை வாங்கிக்கொண்ட டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனான். அப்புறம்தான் நாற்றம் எழுந்தது. கொட்டேஷன் போட்டிருந்த கட்டத்தில் விலை இருந்தது, வரி இருந்தது, ஏற்று கூலி இறக்கு கூலி இருந்தது. நாற்றத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

அது சாக்கடை. நகரத்துச் சாக்கடையைத் தூர் வாரி, கரையில் போட்டு அரைகுறையாகக் காயவைத்த சேறு. குச்சியால் கிளறினால் ஷாம்பு உறை, ஒடிந்த பல் பிரஷ், முடிக்கற்றை, பொம்மையின் ஒற்றைக் கால், குழந்தைகளின் ஊறி உப்பிய டயப்பர் எல்லாம் வந்தது. மேலே காய்ந்து சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. அடியில் கொழகொழவென்று உயிரோடு இருந்தது. ஈக்கு இடம் போதவில்லை. ஜன்னலை அடைத்தார்கள். அடைத்த ஜன்னலுக்கு உள்ளேயும் வந்தது. படுக்கையில், துவைத்த துணியில், குடிக்கிற தண்ணீரில் எல்லாம் அதுவே மணத்தது.

"மண்ணுன்னா வாசனை இருக்கத்தான் செய்யும்," என்றான் அவன். "இது எல்லாமே உரம். தனியா உரம் வாங்குற செலவு மிச்சம்."

மறுநாள் அதன் மேல் ஒரு பாட்டில் பினாயிலை ஊற்றினான். அப்புறம் அது பினாயில் ஊற்றிய சாக்கடையாக நாறியது.

அவள் அருவருப்புப் படுகிற ஜாதி இல்லை. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் போனதும் டப்பா டப்பாவாக மலமும் சளியும் மூத்திரமும் வரிசையில் நிற்கும்; ஒவ்வொன்றாகத் திறந்து, குச்சியால் தொட்டு, கண்ணாடியில் தடவிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த மேஜைக்கு அடுத்த அறையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். உடம்பிலிருந்து வருவது எதுவும் அவளுக்கு அசிங்கமில்லை. நோயாளி என்ன செய்வார், பாவம் என்பாள். அப்படிப்பட்டவளே இந்தக் குவியலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

ஒரு நாள் காலையில் அந்தச் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, சாம்பிள் டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனாள். உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் மேடுமேடாக, புழுவின் முட்டைகள். ஒன்று இரண்டு இல்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் விளக்கமாகச் சொன்னாள். இந்த முட்டை வருஷக்கணக்கில் மண்ணில் சாகாமல் கிடக்கும், நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போனால் குடலில் புழுவாகும், சின்னக் குழந்தைகளைத்தான் முதலில் வாட்டும் என்றாள். அவன் பொறுமையாகக் கேட்டான். நம்ம வீட்டில் சின்னக் குழந்தை யார் இருக்கிறார்கள், மகள் ஹாஸ்டலில் அல்லவா இருக்கிறாள் என்றான். அவள் விடவில்லை. இது இங்கிருந்து போகாமல் நான் இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். ஹோட்டலில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவன் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சரி, எடுத்துவிடுகிறேன் என்றான்.

எடுப்பதற்கும் மூன்று விலை கேட்டான். சாக்கடை மண்ணை யாரும் தங்கள் இடத்தில் கொட்ட விடமாட்டார்கள், ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் கட்டணம் உண்டு என்றார்கள். மூன்றில் குறைந்ததே மண் வாங்கிய விலையைத் தாண்டியது. அவன் முகம் தொங்கிப்போனது. காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்து வெளியே அனுப்புவதா என்று இரண்டு நாள் புலம்பினான்.

மூன்றாம் நாள் அவள் வேலை விட்டு வந்தபோது பின்பக்கம் காலியாக இருந்தது. துடைத்துவிட்ட மாதிரி. அவளுக்கு நெஞ்சு லேசானது. எத்தனை கருமியாக இருந்தாலும் சொன்னால் கேட்கிற மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிக்கவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, நீங்களும் சாரும் பண்ணின உதவிய மறக்கவே மாட்டேன்," என்றாள் தையல்காரி. "எங்க எடம் பள்ளமா கெடக்குதேன்னு எங்க வீட்டுக்காரரு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாரு. சாரே வந்து, எங்களுக்கு மண்ணு ஜாஸ்தி, நீங்க எடுத்துக்கங்கன்னாரு. வாடை அடிக்குதேன்னதுக்கு, எல்லாம் உரம்னு சொன்னாரு. கூலி மட்டும் பாதி குடுத்தோம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சேறு சமமாக நிரவியிருந்தது. மேலே இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண் தூவியிருந்தது, நாற்றமும் நிறமும் தெரியாமலிருக்க. அதன் நடுவே குழந்தை உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு கரண்டி. தோண்டி, தோண்டியதை நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடி தோண்டியது. தாடையில் கறுப்பாக வழிந்திருந்தது.

அவள் மதிலைச் சுற்றி ஓடி, குழந்தையைத் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். தாய்க்காரி சிரித்தாள். மண் தின்னாத குழந்தை உண்டா அக்கா என்றாள். இவள் குழந்தையின் கையைக் கழுவச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவன் சோபாவில் உட்கார்ந்து தோட்டக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தான். குப்பைக் கிடங்குக் கட்டணம் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் போட்டு, அதன் கீழே பச்சைக் கோடு இழுத்திருந்தான்.

போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. மேலே செம்மண் போட்டாகிவிட்டது, அதற்கும் என் கையிலிருந்துதான் காசு என்றான். இப்போது போய்ச் சொன்னால் கூலியைத் திருப்பிக் கேட்பார்கள், அள்ளச் சொல்வார்கள், ஆயுசுக்கும் மதிலுக்கு மதில் சண்டை என்றான்.

"அந்தக் கொழந்த அத தின்னுட்டிருக்கு," என்றாள்.

"நாம தின்னச் சொன்னமா? பாத்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு."

வாய் கூசாமல் சொன்னான். பல்லிடுக்கில் எதையோ குத்திக்கொண்டே சொன்னான். பக்கத்து வீட்டுக்காரி தலையில் சாக்கடையைக் கட்டிவிட்டு, அதற்குப் பாதிக் கூலியும் வாங்கிக்கொண்டு, சாயங்காலக் காற்றுக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற இந்த உடம்போடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தோமா என்று இருந்தது அவளுக்கு. டப்பாவில் வருகிறதை எல்லாம் தொட்டுப் பார்த்தவளுக்கு அவன் குடித்து வைத்த டம்ளரைத் தொடக் கூசியது.

அப்படியே திரும்பி நடந்தாள். தையல்காரியின் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கடை என்பதை, முட்டையை, புழுவை, எதையும் பூசி மெழுகவில்லை. தையல்காரி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"புழு இருக்குன்னு போன வாரமே தெரியும். உங்க எடத்துல கொட்டுவாருன்னு சத்தியமா தெரியாது."

தையல்காரி உள்ளே போய்க் குழாயைத் திறந்து, குழந்தையின் விரல்களைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. இவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.

தோட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை அவள் மறுநாளே அவனைக் கேட்காமல் எடுத்தாள். லாரியும் ஆட்களும் பேசி, பக்கத்து இடத்தில் இருந்த சேற்றையும், அது பட்ட அடிமண்ணையும், மேலே தூவிய செம்மண்ணையும் சேர்த்து வழித்தெடுக்கச் சொன்னாள். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளத்தில் நல்ல மண் கொட்டவைத்தாள். அதோடு கல்லுக்கும் புல்லுக்கும் செடிக்கும் இருந்த பணம் போயே போய்விட்டது. தன் வீட்டைச் சுற்றி மறுபடி செங்கல் உடைசல்தான். கொட்டேஷன் வாசல் கேட் அருகே நின்று, கொடுத்த காசுக்கு லாரி தளும்ப ஏற்றுகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தான்.

அடுத்து வந்த நாட்களில் மதிலுக்கு மேல் தலை தெரியவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. இவள் ஒருநாள் பொறுக்க முடியாமல், பரிசோதனைக் கூடத்து டாக்டரிடம் குழந்தையின் எடையைச் சொல்லி எழுதி வாங்கி, புழு மருந்து பாட்டில் ஒன்றோடு அந்த வாசலில் போய் நின்றாள். தையல்காரி மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். குழந்தை இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. தாய்க்காரி அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க மேடம்," என்றாள். "நாங்களே டாக்டர்கிட்ட காட்டி வாங்கிட்டோம்."

குரலில் கோபம்கூட இல்லை. புதிதாகத் துணி தைக்க வந்தவளிடம் பேசுகிற மரியாதை. இவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். கண் நிறைந்து வழி தெரியவில்லை.

கொட்டேஷன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். என்ன ஆயிற்று என்றான். அவர்களே வாங்கிவிட்டார்களாம் என்றாள். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"சீல் ஒடைக்கலல்ல? பில்லோட போனா கடையில திருப்பி எடுத்துப்பான்."

அவள் அவன் முகத்துக்கு நேராகவே பாட்டிலைப் பிடித்து, மூடியைத் திருகி சீலை உடைத்தாள்.