அவளுக்கு ஒரு வீடு

கைப்பிடிக் கம்பியைச் சோதிக்கிற சாக்கில் அவர் ஏழாவது படியிலேயே நின்றுவிட்டார். கம்பியை இரண்டு தரம் ஆட்டினார். நகத்தால் துருவைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து ஊதினார். மேலே வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற வீட்டு புரோக்கர், "உப்புக்காத்து சார். வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிச்சா போதும்" என்றார். "பெயின்ட்டுக்கு அடியில உக்காந்துக்கிட்டு அது பாட்டுக்குத் தின்னும்" என்று இவர் சொன்ன பதிலில் பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது. இரண்டு படி கீழே நின்ற அவர் மனைவிக்குத் தெரியும், கம்பியைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை என்று. மூச்சு திரும்பி வருகிற வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் பதினெட்டுப் படி. காரிலிருந்து இறங்கும்போதே அவள் எண்ணிவிட்டாள்.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதியை அவர் வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததே இல்லை. உள்ளே, கம்பிவடம் தொங்கும் இருட்டுக் குழியில் நின்றுதான் பார்த்திருக்கிறார். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆறு மாதமாக விடாத இருமலுக்கு அவரை இழுத்துக்கொண்டு போய், தன் அறையிலேயே, சட்டையைக் கழற்றச் சொல்லித் தட்டோடு மார்பை ஒட்டி நிற்க வைத்து, எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். அவரால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது. திரையில் இரண்டு நுரையீரலின் அடியிலும் பழைய மீன்வலையைப் போர்த்தி இறுக்கியது போலக் கோடுகள். இருபது வருஷத்தில் இப்படி எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறாள். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடத்தான் செய்தாள்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கையை விரிக்காத குறையாகப் பேசினார். ஒரு வருஷம் என்றார், இரண்டும் ஆகலாம் என்றார், கணக்காகச் சொல்ல முடியாது என்றார். அவள் வெளியே வந்து கணவரிடம், "மருந்துல கட்டுப்படுமாம். நல்ல காத்துள்ள இடமா போகச் சொல்றாரு" என்று மட்டும் சொன்னாள். எப்படியும் போயாக வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக அந்த மாதமே கடிதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறிய ஊரில் கிளை இருந்தது. எழுதிக் கொடுத்ததும் மாற்றல் கிடைத்தது. அந்த ஊருக்கு ஒரு பக்கம் இருபது நிமிஷத்தில் கடல், மறுபக்கம் இருபது நிமிஷத்தில் வயல்வெளி. எந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி. குழந்தைகள் இல்லாத வீட்டில் இதைக் கலந்து பேச இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

பதினெட்டாவது படியையும் ஏறிவிட்டு அவர் முன்னறை ஜன்னலருகே போய் நின்றார். சுவர் முழுக்க ஜன்னல். அதற்குள் கடலைத் தவிர வேறொன்றுமில்லை. காலமெல்லாம் குழிக்குள் நின்ற மனிதர் முதல் தடவையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தட்டிப் பார்க்காமல், எதையும் குறை சொல்லாமல் நின்றார். அவர் தோள்கள் இறங்கியிருப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். சரி, இதுதான் என்று அந்த நிமிஷம் அவளும் நினைத்தாள்.

சமையலறையில் வீட்டுக்கார அம்மாள் கடைசி அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கலாம். இவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். நாற்காலி ஒன்று கடலுக்கு முதுகைக் காட்டி, அடுப்பை ஒட்டிச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. வாங்க வந்தவளிடம் குறை சொல்லக்கூடாது என்ற நினைப்பு அந்த அம்மாளுக்கு இருந்திருக்க வேண்டும். அதனால் இவள் முகத்தைப் பார்க்காமல், கயிற்றை முடிச்சுப் போட்டபடியே சொன்னாள்:

"அவரு இருந்த வரைக்கும் சொர்க்கம்மா. அப்புறம் இந்தச் சத்தம். நிறுத்தவும் முடியாது, பதில் பேசவும் முடியாது. பக்கத்து வீடுங்க எல்லாம் லீவுக்கு வர்றவங்களுது. வருஷத்துல பத்து மாசம் பூட்டிதான் கிடக்கும்."

இவள் கயிற்றின் முனையை விட்டுவிட்டாள். பெட்டி வாய் பிளந்துகொண்டது. "அடடா" என்று சொல்லி மறுபடி பிடித்தாள்.

இரண்டாவது வீடு வயல்களுக்கு நடுவே, ஒரு சந்தில் ஐந்தாவது. படி கிடையாது, வாசலில் ஒரே ஒரு மேடு. வீடு என்று சொல்லலாமே தவிர அழகு என்று சொல்ல முடியாது. குளியலறைக் கதவு தரையில் தேய்ந்தது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. ஆனால் அந்த எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகவே "தண்ணி வேணுமா" என்று கேட்டாள். சந்து முனையில் பஸ் நின்றது. ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடும் பஸ். இரண்டு வீடு தள்ளிக் காய்கறி ஏற்றும் வேன் ஒன்று நின்றது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பின்புறம் வயல்கள். அவற்றில் சில கறுத்துக் கிடந்தன. அவர் கேட்டதற்கு புரோக்கர், "அறுப்பு முடிஞ்சதும் வயல்ல நிக்கிற தாளைக் கொளுத்துவாங்க சார். ஒரு வாரம், பத்து நாள். ஜன்னலைச் சாத்திக்கிட்டா தெரியாது" என்றார். அவள் காதில் அது விழுந்தது. விழாதது மாதிரி துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்க, இருவரும் ரோட்டோரக் கடை பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்தார்கள். "கடல் வீட்ல ஈரம் ஜாஸ்தி. சுவரெல்லாம் பூத்திருக்கு. உங்களுக்கு ஆகாது" என்று அவள் ஆரம்பித்தாள். படியைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் இல்லாததைச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே, அந்த ஆள் இல்லாத வீட்டில் தனக்கு எது தோது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று.

அவர் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "வயல் வீட்டையே பேசி முடிச்சிடலாம்."

"உங்களுக்குக் கடல்தானே பிடிச்சிருந்துச்சு?"

"எனக்கு ஒரு வருஷத்துக்கு வேணும். உனக்கு முப்பது வருஷத்துக்கு வேணும். எது பெருசு?"

கிளாஸைக் கீழே வைக்கத் தெரியாமல் அவள் கையிலேயே வைத்திருந்தாள். "ஒரு வருஷம்னு யாரு சொன்னது உங்ககிட்ட?"

"நீதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"அன்னிக்குப் படம் எடுத்துட்டு வந்து என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்ட. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு நாள் போட்டது கிடையாது. மேல்பொத்தானைத் தப்பா வேற மாட்டிவிட்ட. சரிதான், விஷயம் பெருசுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு வருஷங்கிறது நானா போட்ட கணக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் முதுகைத் தடவிவிட்டாள். தடவும்போதே நெஞ்சின் ஒரு மூலையில் பாரம் இறங்கிய நிம்மதி ஒன்று எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதிக்காக வெகு நாள் வரைக்கும் அவள் தன்னையே வெறுத்தாள்.

குடிவந்த பிறகு அவர் பகலில் வீட்டில் தங்கவில்லை. அவள் காலையில் பஸ் ஏறியதும், கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தில் எங்காவது ஒரு வீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார், இன்னொன்றில் தையல் மிஷின், வேன்காரர் வீட்டில் இரண்டு வருஷமாக மூடாத இரும்புக் கேட். ஸ்க்ரூவைக் கழற்ற அவர் கையில் வலு இல்லை. வீட்டுக்காரர்களைக் கழற்றச் சொல்லி, இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து வழி சொல்வார். மூச்சு வாங்க வாங்கப் பேசிப் பேசியே அத்தனை வீட்டையும் வளைத்துவிட்டார். ஓய்வாக இருக்கச் சொன்னால் கேட்கிற ஆளா என்று அவள் விட்டுவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகையில் எதிர்வீட்டுப் பெண் அவள் கையிலிருந்த பையை உரிமையாக வாங்கிக்கொண்டாள். "எது வேணும்னாலும் கூப்பிடுங்க அக்கா. அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல... உங்களுக்குக் கூச்ச சுபாவமாம். நீங்களா வந்து ஒரு உதவி கேக்க மாட்டீங்களாம். தான் இல்லாத காலத்துல நாங்களாதான் வந்து கதவைத் தட்டிப் பாத்துக்கணுமாம். வேலைக்குக் கூலி எதுவும் வேணாம், இது போதும்னு சொன்னாரு."

உள்ளே அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூலையில் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. கரன்ட் போனால் உதவ ஒரு சிறிய சிலிண்டரோடு அது வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊர் பூரா என்னை அநாதைன்னு சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"அநாதைன்னு சொல்லலையே. வெக்கப்படுவான்னுதான் சொன்னேன்."

"எனக்கு யாரும் வேணாம்."

"அதைத்தான் நானும் சொன்னேன். வேணாம்னு சொல்லுவா, நம்பாதீங்கன்னு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எதையும் வெளியே விடாமல் அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

அறுப்பு முடிந்தது. முதல் நாள் புகை எங்கோ தூரத்தில் ஒரு கோடாக நின்றது. இரண்டாம் நாள் சந்துக்குள் வந்தது. பெட்ஷீட்டை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தாள், ஜன்னல் ஓரங்களில் டேப் ஒட்டினாள். துவைத்த துணியில், தட்டில், அவர் மாத்திரை டப்பாவின் மூடியில் எல்லாம் கரித்தூள். மிஷினின் அளவைக் கூட்டினாள். அதற்கு மேல் கூட்ட இடமில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பேசினால் மூச்சு செலவாகும் என்று, வேண்டியதைக் கண்ணாலேயே கேட்டார். ஆஸ்பத்திரியில் படுக்கை எப்போது காலியாகும் என்று தினம் இரண்டு தரம் விசாரித்தாள். பக்கத்து ஊர்களிலும் புகை. வார்டு நிரம்பிக் கிடந்தது. அன்றைக்கு புரோக்கர் சொன்னது காதில் விழாதது போல நின்றோமே என்பது ஈரத்துணியைப் பிழிகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நினைவு வந்தது. அவரிடம் சொல்லி அழக்கூட முடியாது. சொன்னால் அவர் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார், அதற்கும் மூச்சு வேண்டும்.

மூன்றாம் நாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். வேன்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் வயல்ல நான் கொளுத்தல அண்ணி. சுத்தி இருக்கிறவங்களையும் கேட்டுப் பாத்துட்டேன், ரெண்டு பேர்தான் நிறுத்தினாங்க. வண்டியைக் கழுவி நிறுத்தியிருக்கேன். சிலிண்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. கடல் பக்கம் காத்து நல்லா இருக்கு, என் தங்கச்சி வீடு அங்கதான். இது அடங்குற வரைக்கும் அங்க இருக்கலாம்."

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை அவளுக்கு.

வேனின் முன் சீட்டில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, சிறிய சிலிண்டரைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். புகை பின்தங்கி, மரங்களின் நிறம் தெரியத் தொடங்கியது. கடலோர ரோட்டில் வேன்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன். அண்ணன் கடலைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்று இறங்கிப் போனார்.

காற்று குளிர்ந்திருந்தது. கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினாள். அலைச்சத்தம் உள்ளே வந்தது. அவருக்கு உடனே இருமல் வந்தது. ஏற்றிவிட்டாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் சத்தமில்லாமல் புரண்டுகொண்டிருந்தது.

"இங்கயே எடுத்திருக்கலாங்க" என்றாள். சொல்லக்கூடாது என்று மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது.

அவர் கடலைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தார். "இங்க எடுத்திருந்தா... இந்த மனுஷன் வண்டியோட வந்திருப்பானா?"

அது தனக்காகச் சொன்ன பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கென்று ஒரு பதில் இருந்தாலும், அதை அவர் சொல்லப்போவதில்லை. கையை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. மெக்கானிக்கின் விரல்கள், நகக்கண்களில் சந்தில் எந்த மோட்டாரிலிருந்தோ ஒட்டிய கிரீஸ் இன்னும் போகவில்லை.

சற்று நேரத்தில் அவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வேன்காரர் இன்னும் வரவில்லை. ரோட்டில் யாரும் இல்லை. அவர் வாய்க்கு நேரே கண்ணாடியில் கையகலத்துக்கு மங்கல் படர்ந்து, ஓரத்திலிருந்து சுருங்கி, ஒரு புள்ளி அளவுக்கு வந்து, மறுபடி படர்ந்தது. படரும்போது அந்த இடத்தில் கடல் மறைந்தது. சுருங்கும்போது தெரிந்தது. அவள் சிலிண்டரைப் பிடித்த கையை அசைக்காமல், அடுத்த மங்கலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.