சமையலறை ஜன்னலில் தெரிந்த பள்ளிக்கூடம்

மார்சிக்கு வீடு எப்படி இருந்தாலும் சரி. கூரை ஒழுகட்டும், குளியலறை ஓடு ரோஜா நிறத்தில் கண்ணை உறுத்தட்டும், பக்கத்து வீட்டுக்காரன் விடிந்தும் விடியாமலும் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கட்டும், அவள் பொறுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் மட்டும் கார்வர் கிளென் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு இருந்துவிட்டால் பிள்ளைக்கு இடம் நிச்சயம், யார் கையையும் காலையும் பிடிக்க வேண்டியதில்லை.

கணவன் கிளின்டுக்குக் கொலம்பஸ் நகரத்துப் பக்கம் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. இந்தியானாவில் அவர்கள் இருந்த ஊரில் தொழிற்சாலையை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் வேலைக்காக ஊர் மாறினான், மார்சி மகளுக்காக மாறினாள்.

மகள் ஹேட்டிக்குப் பத்து வயது. படிக்க வரவில்லை. மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை கேட்ட கதையை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். காரில் எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று அப்பனுக்கு முன்னால் காதாலேயே கண்டுபிடிப்பாள். எழுத்தைக் கண்டால்தான் கண் வழுக்கிக்கொண்டு போகும். வாசிப்புத் தேர்வில் தவறினாள் என்று மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்ததோடு சரி, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த வருஷம்தான் ஹேட்டி வகுப்பில் வாயை மூடிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டைக் கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது.

இணையத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். மார்சி இரண்டு மாதம் அதை ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கார்வர் கிளெனுக்கு ஒன்பது. அதைவிடப் பெரிது, அங்கே மிஸ் ப்ரூயிட் இருந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்றே வைத்திருக்கும் வாசிப்பு ஆசிரியை. மார்சி கூச்சத்தை விட்டுப் போன் போட்டுப் பேசினாள்.

"கூட்டிட்டு வாங்க. இந்த மாதிரி இருபது முப்பது பிள்ளைங்களைப் பாத்துட்டேன்" என்றாள் மிஸ் ப்ரூயிட். "ரெண்டு வருஷம் என்கிட்ட விடுங்க. அப்புறம் புத்தகத்தைக் கீழ வைடின்னு நீங்களே திட்டுவீங்க."

போனை வைத்துவிட்டு மார்சி துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் ஒருவர் அவளிடம் முடியும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீடு காட்ட வந்த ஏஜென்ட் ட்ரூடி வாயாடி. சாக்கடைக் குழாய் முதல் பக்கத்து வீட்டு நாய் வரை எதைப் பற்றிக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவாள். பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தால் மட்டும் வாயில் பூட்டு.

"அதை மட்டும் கேக்காத கண்ணு. ஸ்கூல் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு நான் வாய் திறந்தா என் லைசென்ஸுக்கே வேட்டு. நீயே விசாரிச்சுக்கோ."

அங்கே சட்டம் அப்படி. நல்ல பள்ளி, நல்ல அக்கம்பக்கம் என்று பேசிப் பேசியே ஒரு காலத்தில் கறுப்பர்களை ஒரு தெருவிலும் வெள்ளையர்களை இன்னொரு தெருவிலும் கொண்டுபோய் அடைத்த புண்ணியவான்கள் இந்தத் தரகர்கள்தாம். அதனால் இப்போது வாயைத் திறக்கக்கூடாது. நியாயமான சட்டம்தான். மார்சிக்குத்தான் அது உதவவில்லை.

வீடுகள் சூடான பணியாரம் போலப் போய்க்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விலைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை கைமாறிவிடும். மார்சி மூன்று வீடுகளைக் கோட்டைவிட்டாள். அந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பள்ளி எல்லை வரைபடத்தைத் திறந்து, கதவு எண்ணைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்திருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றே சொல்லலாம்.

நான்காவது வீடு சைக்கமோர் தெருவில் வந்தது. எழுபத்தெட்டு வயது திருமதி வோகல் மகனோடு போய் இருப்பதற்காக விற்கிறாள். மார்சி சமையலறைக்குள் நுழைந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கம் ஒரு ஓடை. அதன்மேல் மரப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் கட்டடம், கொடிக்கம்பம், விளையாட்டுத் திடல். நெற்றியில் பெரிய எழுத்தில் கார்வர் கிளென் தொடக்கப் பள்ளி.

"என் பசங்க மூணு பேரும் அந்தப் பாலத்து மேலதான் ஓடுவாங்க" என்றாள் கிழவி, கூடவே வந்து நின்று. "மணி அடிச்சப்புறம் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்ச் சேந்துடுவானுங்க, கழுதைங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. விளம்பரத்தில் விலாசத்திலும் ஊர் பெயர் கார்வர் கிளென் என்றுதான் இருந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் மார்சி வரைபடத்தில் பார்த்தாள். இந்த வீட்டுக்கு ஜன்னலில் பார்த்தாள்.

அந்த வீட்டைப் பதினொரு பேர் கேட்டார்கள். போட்டி முற்றினால் வாங்குகிறவர்கள் விற்கிறவருக்குக் கடிதம் எழுதுவது அங்கே வழக்கம். நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம், எங்களுக்கே கொடுங்கள் என்று, கிட்டத்தட்டப் பெண் கேட்கிற மாதிரி. ட்ரூடி வேண்டாம் என்றுதான் சொன்னாள். மார்சி கேட்கவில்லை. ஹேட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அந்தப் பாலத்தில் என் மகளும் நடக்க வேண்டும் என்று முடித்தாள். ஹேட்டி கடைசியில் பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் படமாக வரைந்து கொடுத்தாள். இவர்களைவிட அதிக விலை சொன்ன நாலு பேரை ஒதுக்கிவிட்டு வோகல் கிழவி இவர்களுக்கே கொடுத்தாள்.

பத்திரங்கள் எல்லாம் கைபேசியில் வந்தன. மார்சி வேலை பார்த்த பல் மருத்துவமனையில் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிஷம். நாற்பத்தொரு இடத்தில் கையெழுத்து. மஞ்சள் கட்டம் வரும், விரலால் தொட்டால் கையெழுத்து விழும், அடுத்த மஞ்சள் கட்டம் வரும். மாலை ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் வீடு அடுத்தவனுக்கு. அவள் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் போனுமாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

ஜூலையில் குடிவந்தார்கள். பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே ஹேட்டி பாலத்துக்கு ஓடினாள். கொல்லைக் கதவிலிருந்து பள்ளி வாசல் வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி என்று எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள். தினமும் ஒருமுறை நடந்து பழகினாள். ஒரு நாள் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, எனக்குப் படிக்க வராதுன்னு மிஸ் ப்ரூயிட்டுக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமாண்டி."

"வேற யார்கிட்டயும் சொல்லாதம்மா. இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுல்ல?"

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

ஆகஸ்டில் பெயர் பதியப் போனார்கள். ஹேட்டி ஊதாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, எதற்கு இப்போது பை என்று கேட்டாலும் கேட்காமல், முன்னால் நடந்தாள். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட பெண் விலாசத்தைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"நீங்க டோபின்வில் ஸ்கூல் மாவட்டம்மா. எங்க எல்லைக்குள்ள வரல."

"இல்லைங்க, கார்வர் கிளென். இதோ பின்னாடி தெரியுதே, அதுதான் எங்க வீடு."

"தெரியுது. ஓடைதான் எல்லை. இருபத்தாறு வருஷம் ஆச்சு மாத்தி."

மார்சி கைபேசியில் விலாசத்தைத் திறந்து நீட்டினாள். "தபால்ல கார்வர் கிளென்னுதானே வருது?"

"தபால் ஆபீஸ் இந்த ஊர்ல இருக்கு, அதனால வருது. ஸ்கூலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." அவள் குரல் தணிந்தது. "வருஷத்துக்கு ரெண்டு மூணு குடும்பம் இப்படித்தான் வந்து நிக்கறாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. வெளி மாவட்டப் பிள்ளைங்களை இங்க எடுக்கறதே இல்ல. வேற யார் விலாசமாவது குடுக்கலாம்னு நினைச்சுடாதீங்க, காலைல காரைப் பின்தொடர்ந்து வந்து பாக்க ஆளே போட்டிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து உள் கதவு திறந்தது. உயரமான, நரைத்த குட்டை முடிக்காரி ஒருத்தி வந்து ஹேட்டிக்கு முன்னால் குனிந்தாள். "பாலம் வரைஞ்ச ஹேட்டி நீதானே? உங்கம்மா எனக்கும் அனுப்பினாங்க. என் மேஜை மேல ஒட்டி வெச்சிருக்கேன்."

ஹேட்டி வெட்கத்தோடு சிரித்தாள். கண்ணாடிக்காரி எழுந்துபோய் மிஸ் ப்ரூயிட்டின் காதில் ஏதோ சொன்னாள். மிஸ் ப்ரூயிட் மெதுவாக நிமிர்ந்தாள். மார்சியைப் பார்த்தாள், ஹேட்டியின் பையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மார்சி டோபின்வில்லுக்குப் போன் போட்டாள். பள்ளி ஏழு மைல் எதிர்த் திசையில். பள்ளி வரியைக் கூட்டலாமா என்று மே மாதம் ஊரில் ஓட்டெடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று ஊர் சொல்லிவிட்டது. பணம் இல்லாமல் வாசிப்பு ஆசிரியைகள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ட்ரூடிக்குப் போட்டாள். "நான் அப்பவே சொன்னேனே கண்ணு, நீயே விசாரின்னு. பத்திரத்துலயும் இருக்கே, பன்னெண்டாம் பக்கம்."

மார்சி பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். பள்ளி எல்லையை வாங்குபவர் தாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பக்கத்திலேயே அவள் கையெழுத்து.

கிளின்ட் வேலை முடிந்து வந்து நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"வித்துடலாமா?" என்றாள்.

"வித்துட்டு? இருந்ததை எல்லாம் இதுல போட்டாச்சு மார்சி. அஞ்சு வருஷத்துக்கு நகர முடியாது." தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "அஞ்சு வருஷத்துல அவளுக்குப் பதினஞ்சு."

கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா நின்றான்.

மார்சி பத்திரத்தை அச்செடுத்து, ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று பதினைந்து பக்கத்தையும் மேஜையில் பரப்பி உட்கார்ந்தாள். ஒரு ஓட்டையும் இல்லை. எல்லாம் தெளிவாக, நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. வோகல் கிழவிமேல் கோபப்பட முடியவில்லை. ட்ரூடிமேல் கோபப்பட முடியவில்லை. தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹேட்டி பையை இன்னும் கழற்றாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் அங்க போக முடியாதா?"

"முடியாதும்மா."

"ஏன்?"

பொய் சொல்லத்தான் மார்சி நினைத்தாள். இடம் இல்லையாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம் என்று ஏதாவது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இதுல எழுதியிருக்குடி. வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோன்னு. அம்மா படிக்கலை."

ஹேட்டி அந்தத் தாளைக் குனிந்து பார்த்தாள். அவள் கண் அந்த வரியில் ஏறி, வழுக்கி, ஓரத்துக்குப் போய், மறுபடி திரும்பி வந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவை ஏறிட்டாள். இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்கிற மாதிரி அந்த முகத்தில் ஓர் இரக்கம்.

"உனக்கும் ஓடிப் போயிடுதாம்மா?" என்றாள். "எழுத்தெல்லாம்?"

மார்சி அந்த வரியிலிருந்து விரலை எடுத்தாள். ஹேட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். கொல்லையில் அப்பா நிற்கிறானா என்று ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"பரவாயில்லம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."